பாவாடை நாடாவுக்கு அடியில் இருந்த கறுப்புப் பொருக்கு

ஒன்பது நாள் காய்ச்சலோடு வந்த அந்த அம்மாவின் கையில் ஒரு கட்டு ரிப்போர்ட் இருந்தது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை. டைபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனை லேசாகப் பாசிட்டிவ் என்று ஐந்து நாள் டைபாய்டு ஊசி போட்டிருந்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. தட்டணுக்கள் குறைவு, வறட்டு இருமல், விடாத தலைவலி. அப்புறம், "காது அடைச்ச மாதிரி இருக்குங்க" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

இரண்டு வாரத்துக்கு முன் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். நூறு நாள் வேலையில் வாய்க்கால் ஓரப் புதர் வெட்டினாராம். செவிலியரை உடன் வைத்துக்கொண்டு அக்குள், மார்புக்கு அடியில், தொடையிடுக்கு என்று ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தோம். பாவாடை நாடா கட்டும் இடத்தில் இருந்தது அது. சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். "வலிக்கல, அரிக்கல, அதான் சொல்லல" என்றார்.

ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை; கேட்பவர்கள் மாட்டில் ஒட்டும் உண்ணியைத் தேடுவார்கள். இதைப் பரப்புவது புதரில் வாழும் மிகச் சிறிய பூச்சி ஒன்றின் இளம்பருவம். கண்ணில் படாது, கடித்ததும் தெரியாது; கடித்த இடம்தான் இப்படிக் கறுத்த பொருக்காகிறது. 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். நம் ஊரில் மழை தொடங்கிப் பனிக்காலம் வரை, அதாவது டெங்கு வரும் அதே மாதங்களில்தான் அதிகம் பார்க்கிறோம்.

இந்தக் கிருமி நம் உயிரணுக்களுக்கு உள்ளேயே இருப்பதால் டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் இதற்குக் கேட்காது. கேட்பது டாக்சிசைக்ளின், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். மலிவான மருந்துதான். ஆனால் தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிப்பு போய்விடும். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசா பரிசோதனை முதல் வாரத்தில் நெகட்டிவ் காட்டலாம் என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடுவேன்.

இரண்டே நாளில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள், கூட வேலை செய்த இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்று சொன்னார். உடனே வரவழைத்துப் பார்த்தோம். ஒருவருக்குப் பொருக்கு காதுக்குப் பின்னால், முடிக்குள் மறைந்திருந்தது. இன்னொருவருக்கு உச்சி முதல் பாதம் வரை தேடியும் கிடைக்கவில்லை. அன்றே இருவருக்கும் மாத்திரை தொடங்கினோம். பொருக்கே இல்லாதவருக்கும் எலிசா பாசிட்டிவ் என்றுதான் பிறகு வந்தது.