பேனிக் அட்டாக்: இடையில் இருக்கும் நாட்களைப் பற்றி

அந்த ஆசிரியை முதல்முறை என்னிடம் வந்தபோது கையில் ஒரு தடித்த ஃபைல் இருந்தது. ஒன்பது ஈசிஜி, இரண்டு எக்கோ, தைராய்டு, எண்டோஸ்கோப்பி, எல்லாமே நார்மல். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மாமியார் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார், மந்திரித்தும் பார்த்திருக்கிறார்கள், கடைசியாகப் போன இடத்தில் "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, தைரியமா இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமே இல்லை என்று சொல்வது தவறு. இதயம் நன்றாக இருக்கிறது, சரி, ஆனால் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்று பயம் கவ்வும் அந்த அவஸ்தைக்குப் பேனிக் அட்டாக் என்று பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது.

முதல்முறை வரும் நெஞ்சுவலியை நீங்களாகவே பேனிக் என்று முடிவு செய்துவிடாதீர்கள், மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் முறையாகப் பார்த்து இதயம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பத்தாவது ஈசிஜி தரும் நிம்மதி இரண்டு நாள்கூடத் தாங்காது.

படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் விரல் நுனி மரத்துப்போவதும் உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும் தலை லேசாவதும். மூச்சே கிடைக்கவில்லை என்று தவிக்கும்போதும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 99 காட்டும். மயங்கி விழுந்துவிடுவேனோ என்பதுதான் பலருக்கும் பெரிய பயம். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று குறைய வேண்டும், பேனிக்கிலோ அது பொதுவாகக் கூடத்தான் செய்யும்.

எத்தனை முறை வந்தது என்று எல்லோரும் அவரிடம் கேட்டிருந்தார்கள். எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று நான் கேட்டேன். கல்யாண வீடுகள், தியேட்டர், கோயில் கூட்டம், லிஃப்ட், காபி, மாடிப்படியில் வேகமாக ஏறுவது என்று சொல்லிக்கொண்டே போனார். பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட் கிடைத்தால்தான் ஏறுவார், அதுவும் கணவர் கூட வந்தால். கைப்பையில் தண்ணீர் பாட்டில், ஆக்சிமீட்டர், பதற்றத்தைச் சட்டென்று தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை ஒரு அட்டை. அந்த மாத்திரை காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது, ஒன்றைக்கூட அவர் போடவில்லை. ஆனால் அது பையில் இருந்ததால்தான் தப்பித்தேன் என்று மனசு கணக்கு வைத்துக்கொள்கிறது. நோயை வருடக்கணக்கில் காப்பாற்றி வைப்பது இந்தக் கணக்குதான்.

எஸ்சிடலோபிராம் என்ற, பதற்ற நோய்க்குத் தினமும் போடும் மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தோம். முதல் வாரம் பதற்றம் கொஞ்சம் கூடலாம், பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். நன்றாக ஆன பிறகும் ஒரு வருடமாவது தொடர்ந்து, அப்புறம் மெல்ல மெல்லக் குறைப்பதுதான் வழக்கம். நீங்களாகவே திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரக்கூடும், அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயந்து வருபவர்கள் நிறைய.

மாத்திரையோடு பயிற்சியும் நடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடுவது, படிகளில் வேகமாக ஏறுவது, அதாவது பயந்த உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்து, அவை தானாக அடங்கும்வரை கூடவே இருப்பது. இதை மருத்துவரோ உளவியலாளரோ உடன் இருந்து தொடங்குவது நல்லது. கணவர் முதலில் பஸ்ஸின் பின் சீட்டுக்குப் போனார், பிறகு அடுத்த பஸ்ஸில் வந்தார், பிறகு வீட்டிலேயே இருந்தார். அவருக்குத்தான் அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது, அன்பால்தானே கூடவே போய்க்கொண்டிருந்தார். மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுக்க மட்டும் ஐந்து மாதம் ஆனது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, யாரிடமாவது முதலில் பேசினால் போதும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனை சேவை) எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் அவர் போன் செய்தார். அப்பா இறந்து நாற்பது நாள், நடுராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்திலேயே வந்திருக்கிறது. "எல்லாம் வீணாப் போச்சா டாக்டர்?" என்று அழுதார். காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எட்டேகால் பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

"எந்த சீட்?"

"சீட்டே கிடைக்கலை டாக்டர், நடுவுல நின்னுக்கிட்டேதான் போனேன்."