விவரத்திரட்டு அனுப்பியதோடு வேலை முடியவில்லை

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருந்து வெளிநாடு சென்று படித்தவர்களுக்கும் வேலை செய்தவர்களுக்கும் வரி ஆலோசனை சொல்லிவரும் எனக்கு, ஒரே கோப்பு வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருவதாகவே தோன்றுகிறது. அண்மையில் வந்தவர் அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் வீசாவில் முதுமாணிப் பட்டம் பெற்று, அதன்பின் பயிற்சிக் காலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்தவர். வரி நோக்கில் வதிவற்றவராக, அதாவது அங்கே குடியிருப்பவராகக் கருதப்படாதவராக, இருந்த அவருடைய சம்பளத்தில் பிடித்திருக்கவே கூடாத சமூகப் பாதுகாப்பு, மெடிகெயார் (முதியோர் மருத்துவக் காப்புறுதி) வரிகளை, அதாவது 7.65 சதவீதத்தை, அந்நிறுவனம் மாதாமாதம் பிடித்திருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் கேட்டு, அது திருப்பித் தர மறுத்தால் 843, 8316 ஆகிய படிவங்கள் மூலம் ஐஆர்எஸ் எனப்படும் அமெரிக்க வரித் திணைக்களத்திடம் கோரக்கூடிய பணம் அது. கோருவதற்குக் காலமும் இருந்தது. ஆனால் ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவமோ, தாக்கல் செய்த வருமான வரி விவரத்திரட்டின் பிரதியோ, சம்பளச் சீட்டுகளோ அவரிடம் இல்லை. பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்பட்டுவிட்டது. நிறுவனத்தின் சம்பள இணையத்தளத்துக்குள் நுழைவதற்கான குறியீடு, அவர் கைவிட்டுவந்த அமெரிக்கத் தொலைபேசி இலக்கத்துக்குப் போகிறது.

“ரீஃபண்ட் வந்துவிட்டதே, கணக்கை ஏற்றுக்கொண்டார்கள்தானே?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ரீஃபண்ட் அனுப்புவது கணக்கைச் சரிபார்த்து முடித்ததற்கான சான்றிதழ் அன்று. நீங்கள் எழுதிக்கொடுத்த எண்களின்படி பணம் வந்திருக்கிறது, அவ்வளவே. அந்த எண்களைக் கேள்விக்குட்படுத்த ஐஆர்எஸ்ஸுக்குப் பொதுவாக 3 ஆண்டுகள் உண்டு. கடைசித் திகதிக்கு முன்பே அனுப்பியிருந்தாலும் அந்த 3 ஆண்டுகளும் அந்தக் கடைசித் திகதியிலிருந்துதான் தொடங்கும். காட்டிய மொத்த வருமானத்தின் 25 சதவீதத்துக்கு மேற்பட்ட தொகை விடுபட்டிருந்தால் அது 6 ஆண்டுகளாகும். விவரத்திரட்டே அனுப்பாத ஆண்டுக்கு எல்லையே கிடையாது. ஆகவே அனுப்பினேன் என்று நிறுவ வேண்டிய நிலை வந்தால், உங்கள் கையில் இருக்கும் பிரதிதான் பேசும். வளைகுடா நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லாததால், அங்கிருந்து திரும்பிய உறவினர்கள் “பழைய கடதாசியை ஏன் கட்டிவைத்திருக்கிறாய்” என்று கேட்பதுண்டு. அவர்களுடைய அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது.

“எல்லாம் ஒன்லைனில் இருக்கும்” என்பதும் அரைகுறை உண்மை. ஐஆர்எஸ்ஸிடம் உள்ள சம்பள விவரங்களின் தொகுப்பைக் கேட்டுப் பெறலாம் என்றாலும், அதில் மாநில வரி விவரம் இராது. வருமானமே இல்லாத மாணவர், தம் நாட்கள் வதிவுக் கணக்கில் சேராது என்று அறிவிக்கும் 8843 படிவத்தை மட்டும் அனுப்புவதென்றால் தபாலில்தான் அனுப்ப வேண்டும். அதன் நகலும் தபால் பற்றுச்சீட்டுமே அவருடைய முழு ஆதாரம். அதைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். ஒருவர் அங்கே வதிபவரா என்று தீர்மானிக்கும் நாட்கணக்கிலிருந்து எஃப்-1 மாணவருக்குக் கிடைக்கும் விலக்கு பொதுவாக 5 நாட்காட்டி ஆண்டுகளுக்கே உரியது. 2019 டிசம்பரில் பத்து நாட்கள் மட்டும் அங்கிருந்தாலும் 2019 ஒரு முழு ஆண்டாகவே எண்ணப்படும். முதுமாணி முடித்துத் திரும்பி, பல ஆண்டுகள் கழித்துக் கலாநிதிப் படிப்புக்குப் போகிறவருக்கும் அந்தப் பழைய ஆண்டுகள் கணக்கில் சேரும். அப்போது எப்போது வந்தீர்கள், எப்போது போனீர்கள் என்பதைப் பழைய 8843 பிரதியையும் காலாவதியான கடவுச்சீட்டையும் வைத்துத்தான் நிறுவ முடியும்.

ஆவணங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு மற்ற நாடுகளிலும் விதி உண்டு. அவுஸ்திரேலியாவில் தாக்கல் செய்த நாளிலிருந்து 5 ஆண்டுகள். கனடாவில் வரியாண்டு முடிந்ததிலிருந்து 6 ஆண்டுகள். பிரித்தானியாவில் சம்பளம் மட்டும் பெற்று விவரத்திரட்டு அனுப்பியவர் வரியாண்டு முடிந்து 22 மாதங்களுக்கும், சுயதொழில் செய்தவர் ஜனவரி 31 என்ற கடைசித் திகதிக்குப் பின் 5 ஆண்டுகளுக்கும் வைத்திருக்க வேண்டும். இவை குறைந்தபட்சக் காலங்கள் மட்டுமே. ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் பிரித்தானிய பி60 படிவத்தை எந்தக் காலத்திலும் வீச வேண்டாம் என்றே நான் சொல்வேன். இலங்கைக்குத் திரும்பி ஒரு மதிப்பீட்டாண்டில் 183 நாட்களோ அதற்கு மேலோ தங்கினால் நீங்கள் இங்கே வதிபவர் ஆகிறீர்கள். வெளிநாட்டில் செலுத்திய வரிக்கு இங்கே கழிவு கோருவதானால், செலுத்தியதற்கான சான்றை உங்களிடமே கேட்பார்கள்.

பாட்டனாரின் வயற்காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் பூட்டிவைக்கத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமல்ல. விமானம் ஏறுவதற்கு முன்பே டபிள்யூ-2, வதிவற்றவர் பெற்ற உதவித்தொகை போன்ற வருமானத்தைக் காட்டும் 1042-எஸ், கடைசிச் சம்பளச் சீட்டு, எல்லாப் பக்கங்களும் அடங்கிய விவரத்திரட்டு, அனுப்பியதற்கான உறுதிப்பாடு ஆகியவற்றைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். கணக்குகளிலுள்ள மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் அப்போதே மாற்றுங்கள். கடதாசியை மட்டும் நம்பாதீர்கள். மாரி வெள்ளமும் கறையானும் இங்கே என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன ஆவணங்களுக்காக இந்தக் கரையோரக் குடும்பங்கள் எத்தனை கந்தோர்களுக்கு அலைந்தன என்பதும் உங்களுக்குத் தெரியும். ஸ்கான் செய்த பிரதி ஊருக்கு வெளியே, கிளவுட் சேமிப்பில் இருக்கட்டும். போட்டோக்கொப்பிக் கடைக் கணினியில் ஸ்கான் செய்தால், சமூகப் பாதுகாப்பு இலக்கம் உள்ள கோப்பை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

நாடு திரும்பியவர்கள் 8822 படிவத்தை ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பி முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் அம்மா, அப்பாவிடம் ஒரு பணிவான வேண்டுகோள். அமெரிக்க வரித் திணைக்களத்தின் கடிதம் வந்தால், “மகன் வந்து பார்க்கட்டும்” என்று தொலைக்காட்சி மேசையில் வைத்துவிடாதீர்கள். கூடுதல் வரி விதிக்கப்போவதாகச் சட்டப்படி அறிவிக்கும் கடிதமாக இருந்தால், வெளிநாட்டு முகவரிக்கு வந்ததற்கு நீதிமன்றம் போக 150 நாட்களே அவகாசம். அந்த நாட்கள் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்தே எண்ணப்படும், பிள்ளை உறையைத் திறந்த நாளிலிருந்து அல்ல. கடிதம் வந்த அன்றே பிள்ளைக்கு அழைத்து, அதிலுள்ள திகதியை வாசித்துச் சொல்லுங்கள்.