ஓட்டக்களத்துக்கு முன்பே ஒரு ஸ்கேன்

2025 செப்டம்பர் முதல், சர்வதேசத் தடகளத்தில் பெண்கள் பிரிவில் ஓட விரும்புகிறவர் எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்தாக வேண்டும். கருவில் விரை உருவாவதைத் தொடங்கிவைக்கும் மரபணு இது; வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருக்கும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தால் போதும். ‘ஒரு நிமிட வேலைதானே’ என்கிறார்கள். மகப்பேறு மருத்துவரான எனக்கு அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு நடக்கப்போவதுதான் கவலை.

பெண்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆண் பருவமாற்றம் எலும்பு, தசை, இதயம் எல்லாவற்றுக்கும் கூடுதல் பலம் தருகிறது. அதை மறுப்பது பெண் வீராங்கனைகளுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் எஸ்ஆர்ஒய் இருப்பதும் அந்தப் பலம் கிடைப்பதும் ஒன்றல்ல. 1990இல் இந்த மரபணுவைக் கண்டறிந்த குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே இந்தச் சோதனையை எதிர்க்கிறார்.

என்னிடம் வந்த ஒரு கபடி வீராங்கனையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வயது பதினேழு. இன்னும் வயதுக்கு வரவில்லை. ‘என் மாமியாருக்கும் தாமதமாகத்தான் ஆனதாம்’ என்று அம்மா இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தார். நடுவில் யாரோ மாதவிடாயை வரவழைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஒரு ஸ்கேன்கூட எடுக்காமல். மார்பக வளர்ச்சி இயல்பாக இருந்தது. அக்குளில் முடியே இல்லை. குழந்தையாக இருந்தபோது இரண்டு பக்கமும் குடலிறக்க அறுவைசிகிச்சை நடந்த தழும்பு இருந்தது. ஸ்கேனில் கருப்பை இல்லை. குரோமோசோம், வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ்ஒய் என்று வந்தது.

‘அப்படியென்றால் இவள் பெண் இல்லையா, டாக்டர்?’ என்று அம்மா கேட்டார். பெண்தான் என்றேன். ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை என்பது இதன் பெயர். வயிற்றுக்குள் இருக்கும் விரை ஆண் ஹார்மோனைச் சுரக்கும். உடலின் செல்கள் அதற்குச் செவிசாய்ப்பதே இல்லை. முழுமையான ஏற்பின்மை உள்ளவருக்கு அந்த ஹார்மோனால் களத்தில் ஒரு லாபமும் கிடையாது. உலகத் தடகள அமைப்பின் விதியே இவர்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் விலக்கு கிடைப்பதற்கு முன் ‘பாசிட்டிவ்’ என்றொரு தாள் வரும், அடுத்தகட்டப் பரிசோதனை வரும், பயிற்சியாளர் கேட்பார், விடுதியில் பேச்சு கிளம்பும்.

நமக்கு இது புதிதல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடல்கூறு நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் அலசப்பட்டது. ஸ்பெயினின் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனோ 1980களில் இதே அவமானத்தைச் சந்தித்து, போராடி, 1988இல் மீண்டும் தகுதி பெற்றார்.

எல்லா எக்ஸ்ஒய் நிலைகளும் ஒன்றல்ல. 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதியின் குறைபாட்டில், பிறக்கும்போது உறுப்பு பெண்ணுடையதைப் போலத் தோன்றினாலும், பருவ வயதில் ஆண் ஹார்மோன் முழு வீச்சில் வேலை செய்யும். போட்டி நியாயம் பற்றிய உண்மையான, கடினமான வாதம் அங்கேதான் இருக்கிறது. அதை வெறும் மனிதாபிமானம் பேசிக் கடந்துவிட முடியாது. திருநங்கையர் உரிமை முற்றிலும் வேறொரு விவாதம்; சமூக ஊடகங்களில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் அதிகம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது எளிது. 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை, அல்லது 13 வயதிலும் மார்பக வளர்ச்சி தொடங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். பெண் குழந்தைக்கு இருபுறமும் குடலிறக்கம் இருந்தால் அறுவைசிகிச்சை நிபுணரிடம் ஆண்ட்ரோஜன் ஏற்பின்மையைப் பற்றிக் கேளுங்கள். பயந்துபோய், உள்ளே இருக்கும் விரையை அவசரமாக வெட்டி எடுக்கவும் சம்மதிக்காதீர்கள். முழுமையான ஏற்பின்மையில் பருவத்துக்கு முன் புற்றுநோய் அபாயம் குறைவு. பெரும்பாலும் வளர்ந்தபின் முடிவு செய்யலாம். எக்ஸ்ஒய் குரோமோசோம் இருந்தும் விரை சரியாக உருவாகாத ஸ்வையர் நிலையில் அபாயம் அதிகம், அங்கே தாமதம் கூடாது. கைக்குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலின அறுவைசிகிச்சை செய்வதைத் தமிழக அரசு 2019லேயே தடை செய்துவிட்டது.

சோதனைக்கு மாதிரி கொடுக்கும் வீராங்கனை முதலில் கேட்க வேண்டியது, முடிவு யாருக்குப் போகும் என்பதை. அது அவள் கைக்கு, வயது பதினெட்டு ஆகவில்லையென்றால் பெற்றோர் கைக்கு, விளக்கிச் சொல்ல ஒரு மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது வர வேண்டும். சங்கத்தின் பொது மின்னஞ்சலுக்குப் போகும் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.