ஏஐ ஏஜென்டுக்கு மணி சொல்லும் டூல்

ஏஐ மாடலுக்குள் கடிகாரம் கிடையாது. ஏதோ ஒரு தேதிவரை சேர்த்த எழுத்துகளைப் படித்துப் பயிற்சி பெற்றது அது. அதன்பின் உலகில் எத்தனை நாள் ஓடியது என்று அதற்குத் தெரிய வழியில்லை. சாட் செயலிகள் பலவும் உரையாடல் தொடங்கும்போதே அன்றைய தேதியை மாடலின் காதில் போட்டுவிடுகின்றன. சாதாரணக் கேள்வி பதிலுக்கு அது போதும். ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு வேலையைத் தொடங்கி, விடிய விடிய மின்னஞ்சல்களைப் பார்த்துக் கூட்டங்களுக்கு நேரம் குறிக்கும் ஏஜென்டுக்கு, அதாவது சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்து முடிக்கும் ஏஐக்கு? நடுவில் தேதி மாறியதே அதற்குத் தெரியாது.

அதனால்தான் மணி பார்க்க ஒரு டூல், அதாவது ஒரு சிறு நிரல், கொடுக்கிறார்கள். இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு: மாடல் எந்த நிரலையும் தானே ஓட்டுவதில்லை. "இந்த டூலை இந்த விவரத்தோடு கூப்பிடு" என்று ஒரு கோரிக்கையை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். மாடலை இயக்கும் மென்பொருள் அதைப் படித்து, கணினிக் கடிகாரத்தைப் பார்த்து, விடையை எழுத்தாக உரையாடலில் சேர்க்கும். மாடல் அதைப் படித்துவிட்டு மேலே எழுதும்.

நிரல் பத்து வரிகூட வராது. உழைப்பெல்லாம் விளக்கத்தில்தான். டூலின் பெயர், அது என்ன செய்யும் என்ற குறிப்பு, என்னென்ன விவரம் தரவேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் மாடலின் கண்ணில் படும். மனிதர்களுக்கான ஆவணத்தில் ஒன்று விட்டுப்போனால் நிரலைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். மாடலுக்குப் பொதுவாக அந்த வசதி இல்லை.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில், ஏஐ மாடல்களை வெளி டூல்களோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதற்கு மாதிரியாக எழுதப்பட்ட சர்வர்களில், அதாவது டூல்களை வழங்கும் மென்பொருள்களில், நேரத்துக்கென்றே ஒன்று உண்டு. அதில் இரண்டே டூல்கள்: ஒன்று இப்போதைய நேரம் சொல்லும், மற்றது ஓர் ஊர் நேரத்தை இன்னோர் ஊர் நேரமாக மாற்றும். நேர மண்டலத்தைக் கேட்கும் இடத்தில் 'அமெரிக்கா/நியூயார்க்', 'ஐரோப்பா/லண்டன்' என்று எடுத்துக்காட்டு தந்திருக்கிறார்கள். பயனர் எதுவும் சொல்லாவிட்டால் உள்ளூர் மண்டலத்தையே வைத்துக்கொள் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் "மணி என்ன?" என்று கேட்பவரிடம் ஏஜென்ட் "எந்த ஊரில்?" என்று திருப்பிக் கேட்கும், இல்லை, ஏதாவது ஊரைத் தானே ஊகித்துக்கொள்ளும்.

எடுத்துக்காட்டுக்கும் காரணம் உண்டு. ஐஎஸ்டி என்ற நேர மண்டலச் சுருக்கம் இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொது. ஆகவே முழுப் பெயர் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: உலகம் முழுக்கப் பயன்படும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் 'ஏசியா/சென்னை' என்று ஒரு பெயரே கிடையாது. இந்தியா முழுவதற்கும் 'ஏசியா/கொல்கத்தா'தான். சென்னைக்காரருக்கு உதவப் போகும் மாடல் இந்த இடத்தில் தடுக்கி விழலாம். அப்போது "தவறான உள்ளீடு" என்று மட்டும் சொல்லும் டூல் உருப்படாத டூல். "அந்தப் பெயர் இல்லை, இந்தியாவுக்கு ஏசியா/கொல்கத்தா" என்று சொன்னால் அடுத்த முறையே சரியாகக் கேட்டுவிடும். பிழைச் செய்தியும் ஆவணத்தில் சேர்த்திதான்.

விடை எந்த வடிவத்தில் வருகிறது என்பதும் முக்கியம். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகளாக 1700000000 என்று கொடுத்தால் கணினிக்கு வசதி. மாடலோ மனக்கணக்குப் போடவேண்டியிருக்கும். அந்த எண் உலகப் பொது நேரப்படி 2023 நவம்பர் 14, இரவு 10:13; நமக்கோ அது மறுநாள் அதிகாலை 3:43. தேதியே மாறிவிடுகிறது, பாருங்கள். தேதி, மணி, பொது நேரத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம், என்ன கிழமை என்று எல்லாவற்றையும் எழுதியே கொடுத்துவிடலாம். கிழமையைத் தேதியிலிருந்து தானே கணக்கிட விட்டால் மாடல் சறுக்க வாய்ப்பு அதிகம்.

நேரம் மாற்றும் டூலில்தான் எனக்கு ஒரு மனக்குறை. அது மணியை மட்டும் வாங்கிக்கொள்கிறது, தேதியைக் கேட்பதில்லை. இன்றைய தேதிக்கே கணக்குப் போடுகிறது. செப்டம்பரில் உட்கார்ந்துகொண்டு, நவம்பர் 10 அன்று லண்டனில் காலை 9 மணிக்கு நடக்கும் கூட்டம் சென்னையில் எப்போது என்று கேட்டால் பகல் 1:30 என்று வரும். லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடைகால நேரம் அக்டோபர் கடைசி ஞாயிறோடு முடிந்துவிடுவதால் சரியான விடை 2:30. தேதிக்கும் ஓர் இடம் வைக்கவேண்டும். அதுவரை "இன்றைய தேதிக்கு மட்டும்" என்று விளக்கத்திலாவது எழுதவேண்டும்.

இந்தியாவைப் போல மாறாத நேரம் உள்ள நாடுகளுக்கு பொது நேரத்திலிருந்து உள்ள ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை நிரலிலேயே எழுதிவிட்டால் என்ன என்று தோன்றலாம். இலங்கையைப் பாருங்கள். 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி ஆறரை ஆக்கினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு இறக்கினார்கள், 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பினார்கள். தரவுத்தளத்தில் 'ஏசியா/கொழும்பு' என்று கேட்டால் இத்தனையும் ஒழுங்காக வரும். 2001இல் கொழும்பில் எடுத்த ஒரு படத்தின் நேரத்தை ஏஜென்ட் சரிபார்க்கும்போது, நிரலில் எழுதிவைத்த ஐந்தரை அரை மணி நேரம் பிசகியிருக்கும்.

கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது. டூல் சொன்ன நேரம் உரையாடலில் எழுத்தாக அப்படியே கிடக்கும். மூன்று மணி நேரம் கழித்தும் மாடல் அதையே படித்து "இப்போது மணி 4:10" என்று சொல்லக்கூடும். "இந்த விடை கேட்ட கணத்துக்கு மட்டும், இப்போதைய நேரம் தேவைப்படும்போதெல்லாம் மறுபடி கூப்பிடு" என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.