பம்ப் நின்றால் முதலில் ஊசி, பிறகுதான் போன்

மெல்லிய குழாய் வழியே தோலுக்கடியில் இன்சுலினை ஓயாமல் செலுத்தும் சின்னக் கருவிதான் இன்சுலின் பம்ப். அதை மாட்டியிருப்பவரின் உடம்பில் இன்சுலின் கையிருப்பு என்று எதுவும் இருப்பதில்லை. நாள் முழுக்க மெல்ல வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினை ஊசியாகப் போடுகிறவர் ஒரு வேளை தாமதித்தாலும் முந்தைய நாள் போட்டது கொஞ்சமாவது தாங்கும். பம்ப்பில் ஓடுவது லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற துரித இன்சுலின் மட்டுமே. ஓட்டம் நின்ற மூன்று நான்கு மணி நேரத்தில் இரத்தத்தில் கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள், ஏறத் தொடங்கும். அப்படியே விட்டால் அன்றிரவே, இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும் கீட்டோஅசிடோசிஸ் வரை போய்விடலாம். மாற்றுப் பம்ப் கொரியரில் நாகர்கோவில் வந்து சேருவதோ நாள் கணக்கில். இடைப்பட்ட அந்த நேரத்தை எப்படிக் கடப்பது என்பது பம்ப் வாங்கும் அன்றே வீட்டில் முடிவாகியிருக்க வேண்டும். பல வீடுகளில் அது முடிவாகியிருப்பதில்லை. பம்ப் நின்றதும் ஹெல்ப்லைனுக்கும் டீலருக்கும் மாறி மாறி போன் போகிறது. அதற்குள் சுகர் 400-ஐத் தொட்டுவிடுகிறது.

கெட்டுப்போனால் பம்ப் சத்தம் போடும் என்று நம்பி இருக்கவும் கூடாது. அடைப்பு அலாரம் வர வேண்டுமானால் டியூபுக்குள் அழுத்தம் ஏற வேண்டும். அதற்கு உடம்புக்குள் போக வேண்டிய இன்சுலின் இரண்டு மூன்று யூனிட்டாவது உள்ளேயே தேங்க வேண்டும். பேசல், அதாவது நாள் முழுக்க ஓடும் அடிப்படை இன்சுலின், மணிக்கு 1 யூனிட் ஓடும் பெரியவருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் அலாரம் வந்துவிடும். மணிக்கு 0.2 யூனிட் ஓடும் சின்னப் பிள்ளைக்கு 2 யூனிட் தேங்கவே பத்து மணி நேரம் ஆகும். கசிவு என்றால் அலாரமே வராது. கேனுலா (தோலுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்) தோலைவிட்டு வெளியே வந்திருந்தாலும், ரிசர்வாயர் (பம்ப்பில் இன்சுலின் நிரப்பும் குப்பி) இணைப்பில் சொட்டினாலும், பம்ப்பின் கணக்கில் இன்சுலின் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் அலாரத்தைவிட சுகர் எண்ணை நம்புங்கள். காரணம் புரியாமல் 250-க்கு மேல் காட்டினால் உடனே கீட்டோன் பார்க்க வேண்டும். இரத்தத்தில் பார்க்கும் மீட்டர் இருந்தால் நல்லது. சிறுநீர் ஸ்ட்ரிப் சில மணி நேரம் பின்தங்கியே காட்டும். உடம்பு சரியான பிறகும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அது மட்டும்தான் வசதி என்றால் டப்பாவைத் திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். திறந்த ஆறு மாதத்துக்குமேல் அதை நம்பக் கூடாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஈரப்பதத்தில் மூடியைச் சரியாக மூடாத டப்பா அதற்கும் முன்பே கெட்டுவிடும்.

இரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழே இருந்தால் பம்ப்பிலேயே, ஏறிய சுகரை இறக்க, ஒரு கரெக்‌ஷன் போலஸ் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். சுகர் இறங்கவில்லை என்றால் அடுத்த டோஸ் பென்னிலோ (பேனா வடிவ இன்சுலின் ஊசி) சிரிஞ்சிலோதான். கூடவே செட்டையும் (கேனுலாவும் அதோடு சேர்ந்த டியூபும்) மாற்ற வேண்டும். கீட்டோன் 0.6-ஐத் தாண்டியிருந்தால் பம்ப்புக்கு அந்த ஒரு வாய்ப்பும் கொடுக்க வேண்டாம். முதலில் ஊசியைப் போடுங்கள், பிறகு செட், ரிசர்வாயர், இன்சுலின் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். 1.5-க்கு மேல் என்றால் வழக்கமான கரெக்‌ஷன் போதாது. ஒரு நாளைய மொத்த இன்சுலினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 யூனிட் போடுகிறவருக்கு 4 யூனிட், என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுகரும் கீட்டோனும் பாருங்கள். தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் நிறையக் குடிக்க வேண்டும்.

கீட்டோன் 3-ஐத் தாண்டினாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அதைவிடப் பக்கத்தில் 24 மணி நேரமும் டாக்டர் இருக்கும் மருத்துவமனையோ, எது முதலில் வருமோ அங்கே போங்கள். மார்த்தாண்டம், கொல்லங்கோடு பக்கத்தில் நேராகத் திருவனந்தபுரம் போய்விடலாம் என்று காரைத் திருப்புவார்கள். முதல் டிரிப் ஏற்றுவது அருகில் இருக்கட்டும். மத்தியானம் சாப்பிட்ட மரச்சீனியும் மீன்கறியும் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் வாந்தி என்ற முடிவுக்கு யாரும் அவசரப்பட வேண்டாம். பம்ப் போட்டவருக்கு வாந்தி என்றால் முதலில் பார்க்க வேண்டியது கீட்டோன். அவசரப் பிரிவில் சொல்ல வேண்டியது: "டைப் 1 சுகர். இடுப்பில் பம்ப் இருக்கிறது, ஆனால் மத்தியானத்திலிருந்து இன்சுலின் உள்ளே போகவில்லை." இதைச் சொல்லாவிட்டால், மாட்டியிருக்கும் பம்ப்பைப் பார்த்து இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

ஊசி, ஊசி என்று சொல்கிறேன். எந்தச் சிரிஞ்சு என்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மருந்துக்கடையில் வெறுமனே இன்சுலின் சிரிஞ்சு என்று கேட்டால் சிவப்பு மூடி போட்டதைக் கையில் தந்துவிடுவார்கள். அது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. பம்ப்பில் போடும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வேண்டும். சிவப்பு மூடியில் பத்தாவது கோடு வரை இழுத்தால் வருவது கால் மில்லி. பம்ப் இன்சுலினில் அந்தக் கால் மில்லி 25 யூனிட். 4 யூனிட் போட நினைத்தவருக்கு 10 யூனிட் ஏறிவிடும். நடு ராத்திரி, பதற்றம், மங்கலான வெளிச்சம் என்று எல்லாம் சேரும் நேரத்தில் நடக்கும் தவறு இது. வீட்டில் ஆரஞ்சு மூடி மட்டும் இருக்கட்டும். பென்னும் 4 மில்லிமீட்டர் ஊசியும் இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. அதேபோல, கடையில் பம்ப் இன்சுலின் இல்லை என்பதற்காக 40 யூனிட் ரெகுலர் குப்பியை ரிசர்வாயரில் நிரப்பக் கூடாது. பம்ப் 1 யூனிட் என்று தள்ளுவது அப்போது 0.4 யூனிட்தான்.

பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது பம்ப்பாக இருக்காது. தோலில் ஒட்டியிருக்கும் செட்தான். மாற்றும்போது முதலில் டியூபை உடம்பிலிருந்து கழற்றுங்கள். அடைப்பு விடுபடும்போது தேங்கி நின்ற இன்சுலின் ஒரேயடியாக உள்ளே போய்விடக் கூடாது. கழற்றிய கேனுலாவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 6 அல்லது 9 மில்லிமீட்டர் நீளம், நெத்திலி முள்போல மெல்லிய குழாய். நேராக இருக்க வேண்டியது தோல் மட்டத்தில் முழங்கைபோல மடங்கியிருக்கும். இல்லையென்றால் நுனியில் ரத்தம் உறைந்து கறுத்திருக்கும். அதைப் போட்டோ எடுத்து, செட் கவரில் உள்ள லாட் எண்ணோடு சேர்த்து வையுங்கள். ஒரே லாட்டில் இரண்டு மூன்று மடங்கினால் மாற்றித் தரக் கேட்க அது உதவும். ரிசர்வாயர் அறையை முகர்ந்தும் பாருங்கள். இன்சுலினில் கிரெசால் சேர்ப்பதால் பினாயில் போன்ற ஒரு மணம் உண்டு. அந்த மணம் வந்தால் அங்கே கசிகிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய காரணம் ஒன்று, தேங்காயெண்ணெய். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பில் பிளாஸ்டர் பிடிக்காது. மேலே ஒட்டியதுபோல இருக்கும், வியர்த்ததும் ஓரம் தூக்கிவிடும். செட் மாற்றும் இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகு ஒட்டுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினை உடனே நிரப்பினால் சூடாகும்போது குமிழி வரும். அரை மணி நேரம் வெளியே வையுங்கள். டெஃப்லான் கேனுலா 6 மில்லிமீட்டர் என்றால் 0.3 யூனிட், 9 என்றால் 0.5 யூனிட் நிரப்ப வேண்டும். செட்டைக் காலையில் மாற்றுங்கள். படுக்கப் போகும்போது மாற்றிய செட் மடங்கியிருந்தால் விடியும்வரை யாருக்கும் தெரியாது.

தானாக அளவை மாற்றும் ஆட்டோ மோட் பம்ப் என்றால் இன்னொரு சிக்கல். கேனுலா அடைத்திருக்கும்போது சுகர் ஏறுவதைப் பார்த்து அது மேலும் மேலும் இன்சுலின் கொடுத்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். நீங்கள் கையால் போட்ட ஊசியோ அதன் கணக்கிலேயே இருக்காது. ஊசி போட்ட பின் மூன்று நான்கு மணி நேரமாவது மேனுவல் மோடில் ஓட்டுவது பாதுகாப்பு.

புது செட் போட்டும் பம்ப் ஓடவில்லை, மோட்டார் எரர் திரும்பத் திரும்ப வருகிறது, பட்டன் அமுங்கவில்லை, திரையில் ஈரம் தெரிகிறது என்றால் கோளாறு பம்ப்பில்தான். அதற்குமுன் ஒரு முறை பேட்டரியை மாற்றிப் பார்த்துவிடுங்கள். பென்சில் பேட்டரி போடும் பம்ப்களுக்கு ஆல்கலைன் அல்லது லித்தியம்தான் சரி. டார்ச்சுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் வாங்கும் கார்பன்-ஜிங்க் பேட்டரி மோட்டாரைத் தாங்காது. பேட்டரி அறையின் மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் புகாது என்ற உத்தரவாதம் விரிசல் இல்லாத பம்ப்புக்குத்தான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் பம்ப்போடு போவது கூடவே கூடாது, எக்ஸ்ரே, சி.டி. எடுக்கும்போதும் கழற்றி வெளியே வையுங்கள்.

மாற்றுப் பம்ப் வரும்வரை பழைய முறைக்குத் திரும்ப வேண்டும். பம்ப்பில் 24 மணி நேரத்துக்கு ஓடிய பேசல் மொத்தம் எவ்வளவோ, அதுதான் கிளார்ஜினுக்குத் தொடக்க அளவு. சில டாக்டர்கள் 10 முதல் 20 சதவீதம் கூட்டித் தருவார்கள். கிளார்ஜின் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை துரித இன்சுலினால் சமாளிக்க வேண்டும்: பேசல் மணிக்கு 0.8 என்றால் மூன்று மணி நேரத்துக்கு 2.4 யூனிட், அரை அரை யூனிட்டாக அளக்கும் பென்னில் 2.5. சாப்பாட்டுக்கான டோஸ் தனி. டெக்லுடெக் என்ற நீண்ட நேர இன்சுலினும் நல்ல மருந்துதான், ஆனால் ஒரு நாளுக்குமேல் நீடித்து நிற்கும். சில நாள் இடைவெளிக்கு, மறுபடி பம்ப்புக்கு மாற எளிதாக இருப்பது கிளார்ஜின். அந்தப் பென்னின் காலாவதித் தேதியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். பயன்படாமல் கிடக்கும் பொருள் என்பதால் அதை மறந்துவிடுவார்கள்.

இனி போன். பேசுவதற்குமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பம்ப்பின் பின்புறமுள்ள சீரியல் எண், வாங்கிய தேதி, திரையில் வந்த எரரின் பெயரும் எண்ணும், அது வந்த நேரம், நீங்கள் மாற்றிப் பார்த்தவை. அலாரம் திரையைப் போட்டோவும் சின்ன வீடியோவும் எடுத்தால் வாதம் குறையும். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். பேசியதை அன்றே மெயிலிலும் அனுப்புங்கள். வாரண்டி பெரும்பாலும் நான்கு ஆண்டு. இன்வாய்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் செல்லும். மாற்றுப் பம்ப்புக்குப் புது வாரண்டியா, பழையதன் மிச்சமா, இடைக்காலத்துக்கு லோனர் பம்ப் தருவார்களா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். இன்னும் வாங்காதவர்கள் இந்தக் கேள்விகளைப் பணம் கட்டும் முன்பே கேட்கலாம். டீலர் நிதானமாகப் பதில் சொல்லும் நேரம் அதுதான்.

வடிவமைப்பிலேயே குறை இருக்கவும் கூடும். 2019 நவம்பரில் மெட்ரானிக் நிறுவனம் மினிமெட் 630ஜி, 670ஜி பம்ப்களில் ரிசர்வாயரைப் பூட்டும் வளையம் உடையலாம் என்று எச்சரித்தது. பூட்டு தளர்ந்தால் இன்சுலின் கூடவோ குறையவோ போகும். 2021 அக்டோபரில், கண்ணாடி நிற வளையம் உள்ள பம்ப்களைக் கறுப்பு வளையம் உள்ளவையாக இலவசமாக மாற்றித் தருவதாக அமெரிக்காவில் அறிவிப்பு வந்தது. எந்தப் பம்ப் வைத்திருந்தாலும் அந்த வளையத்தை வாரம் ஒரு முறை விரலால் அசைத்துப் பாருங்கள்.

கருவியால் உடம்புக்குக் கேடு வந்தால் அதைப் பதிவு செய்ய இந்தியாவில் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015 முதல் இருக்கிறது. காஜியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. நோயாளியும் புகார் அனுப்பலாம். இலவச எண் 1800 180 3024. வாரண்டி இருந்தும் நிறுவனம் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

2017-இல் ஒக்கி அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, சாலையெல்லாம் மரம். அப்படிப்பட்ட வாரத்தில் கொரியரும் வராது, ஃபிரிட்ஜும் ஓடாது. பத்து நாளைக்கான செட், பென், ஸ்ட்ரிப் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பயன்படுத்தும் குப்பியை ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வைக்கலாம், பைக் சீட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது. தூத்தூர் பக்கம் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகும் வீடுகளில் யாராவது பம்ப் போட்டிருந்தால், போகும் மொத்த நாளுக்கும் பென் இன்சுலின் கையில் இல்லாமல் படகேறக் கூடாது.

புதுப் பம்ப் வெறுமையாகத்தான் வரும். பேசல் நேரங்கள், சாப்பாட்டு விகிதம், கரெக்‌ஷன் அளவு, இலக்கு, இன்சுலின் வேலை செய்யும் நேரம் எதுவும் அதில் இருக்காது. பழைய பம்ப் உயிரோடு இருக்கும்போதே மாதம் ஒரு முறை இந்தத் திரைகளைப் போட்டோ எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேர் போனில் வையுங்கள். ஏற்றும்போது ஒருவர் வாசிக்க, மற்றவர் பதியட்டும். கடிகாரத்தை 24 மணி முறையில் வையுங்கள். காலை, மாலை மாறிப்போனால் ராத்திரி பேசல் பகலில் ஓடும். கடைசிக் கிளார்ஜினை இரவு 9 மணிக்குப் போட்டிருந்தால் பம்ப் பேசலை மறுநாள் இரவு 9 மணியளவில் தொடங்குவது நல்லது. அதற்கு முன்பே மாட்ட வேண்டுமானால் அதுவரை பேசலை எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து சுகரை இறக்கிவிடும். அன்றிரவு 12 மணிக்கும் 3 மணிக்கும் அலாரம் வைத்து எழுந்து சுகர் பாருங்கள், தலைமாட்டில் சர்க்கரையும் அந்தப் பழைய பென்னும் இருக்கட்டும்.