ஓர் ஊர் கட்சி மாறும்போது யார் மாறுகிறார்கள்?

டெக்சாஸ் மாநிலத்தின் தெற்கு விளிம்பில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்டார் கவுண்டி. ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. ஆனால் ஸ்டாரின் மக்கள்தொகை 65 ஆயிரத்தை ஒட்டித்தான். அவர்களில் 100-க்கு 97 பேர் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்; இங்கே பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி. லத்தீனோக்கள் என்றும் இவர்களைச் சொல்வார்கள். 1892-ஆம் ஆண்டுக்குப் பிறகு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி இங்கே ஜெயித்ததே இல்லை. 2012-ல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா 86 சதவீதம் வாங்கினார். 2024-ல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் கிட்டத்தட்ட 58 சதவீதம் வாங்கி அந்த வரலாற்றை முடித்துவைத்தார்.

"ஹிஸ்பானிக் மக்கள் கட்சி மாறிவிட்டார்கள்" என்று தேர்தல் இரவிலேயே தொலைக்காட்சிகள் சொல்லிவிட்டன. எந்த மனிதர் யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம். தேர்தல் அலுவலகம் வெளியிடுவது ஒவ்வோர் இடத்திலும் விழுந்த மொத்த வாக்குகளை மட்டுமே. இடத்தின் கணக்கிலிருந்து மனிதர்களின் மனத்துக்குப் போக ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் எப்படிக் கட்டப்படுகிறது, எங்கே பலமாக நிற்கிறது, எங்கே ஆடுகிறது என்பது தெரியாமல் எந்த மாநிலத்தின் அரசியல் மாற்றத்தையும் புரிந்துகொள்ள முடியாது.

சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, ஸ்டாரில் விழுந்த வாக்குகளின் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2016-ல் ஹிலாரி கிளிண்டனுக்குச் சுமார் 9,300 வாக்குகள், டிரம்ப்புக்கு 2,200. 2020-ல் பைடனுக்கு 9,100, டிரம்ப்புக்கு 8,200. ஜனநாயகக் கட்சி இழந்தது வெறும் 200 வாக்குகள். டிரம்ப்போ 6,000 வாக்குகள் கூடுதலாக வாங்கினார். சதவீதத்தில் பார்த்தால் 79-லிருந்து 52-க்குச் சரிவு, ஊரே புரண்டுவிட்டதுபோலத் தெரியும். எண்ணிக்கையில் பார்த்தால், பழைய ஆதரவு ஏறக்குறைய அப்படியே நிற்க, 2016-ல் வாக்குச்சாவடிப் பக்கமே வராத ஆயிரக்கணக்கானோர் புதிதாக வந்து மறுபக்கம் சேர்ந்திருக்கிறார்கள். 2024-ல் கதை வேறு. டிரம்ப்புக்கு 9,500, கமலா ஹாரிஸுக்கு 6,900. மொத்த வாக்குகள் ஆயிரம் குறைந்தன. ஜனநாயகக் கட்சி இழந்த 2,200 வாக்குகளில் ஒரு பகுதி எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும், இன்னொரு பகுதி வீட்டிலேயே இருந்துவிட்டிருக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே திசை, ஆனால் அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களில் உள்ளே நடந்த இயக்கம் வெவ்வேறு.

இவைகூட நிகரக் கணக்குகள்தான். கிளிண்டனுக்குப் போட்ட 1,000 பேர் டிரம்ப்பிடம் போய், அவர்கள் இடத்தைப் புதியவர்கள் 1,000 பேர் நிரப்பியிருந்தாலும் தாளில் இதே எண்கள்தான் வரும். ஏரியின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று சொல்ல முடியாததைப் போல. ஓர் இடத்தின் வாக்கு மாறுவதற்கு மூன்று வழிகள் உண்டு: வாக்களிப்பவர் மனம் மாறலாம்; வாக்களிக்க வருபவர் யார், வராதவர் யார் என்பது மாறலாம்; அங்கே வாழ்பவர்களே மாறலாம். குடியேற்றம், இடப்பெயர்வு, மரணம், 18 வயதை எட்டுவது எல்லாம் மூன்றாவதில் அடக்கம். தேர்தல் முடிவு இந்த மூன்றையும் கலந்து ஒற்றை எண்ணாக நம் கையில் தருகிறது.

கூட்டத்தின் கணக்கைத் தனி மனிதர் மேல் ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதை 1950-ல் வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர் காட்டினார். 1930-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமதிப்பை அவர் எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. அப்படியானால் குடியேறிகள் மற்றவர்களைவிட அதிகம் படித்தவர்களா? தனி மனிதர்களின் கணக்கைப் பார்த்தால் நேர்மாறு. குடியேறிகளிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகமாகவே இருந்தது. படிப்பறிவு கூடுதலாக இருந்த மாநிலங்களில்தான் அவர்கள் போய்க் குடியேறினார்கள், அவ்வளவுதான். "லத்தீனோக்கள் அதிகம் உள்ள கவுண்டிகள் குடியரசுக் கட்சிப் பக்கம் நகர்ந்தன, ஆகவே லத்தீனோக்கள் நகர்ந்தார்கள்" என்ற வாதம் இதே பள்ளத்தில் விழக்கூடியது. அங்கே வாழும் மற்றவர்கள் நகர்ந்திருந்தாலும் வரைபடத்தில் நிறம் மாறும்.

ஆனால் ஸ்டாரில் அந்தப் பள்ளம் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்ப அங்கே போகிறார்கள். 1953-ல் டங்கன், டேவிஸ் என்ற இருவர் முன்வைத்த எளிய கணக்கு இது. 100 வாக்காளர்களில் 97 பேர் ஹிஸ்பானிக், 3 பேர் மற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிரம்ப்புக்கு 58 வாக்குகள். அந்த 3 பேரும் அவருக்கே போட்டிருந்தாலும் மிச்சம் 55 வாக்குகள் ஹிஸ்பானிக் மக்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதாவது 97 பேரில் குறைந்தது 55 பேர், பாதிக்கு மேல். இங்கே எந்தக் கருத்துக்கணிப்பும் தேவையில்லை. கூட்டல் கழித்தலே சாட்சி.

இதே கணக்கை ஹூஸ்டனில் ஒரு கலப்புப் பகுதிக்குக் கொண்டுபோங்கள். 100 பேரில் 40 பேர் ஹிஸ்பானிக். டிரம்ப்புக்கு 50 வாக்குகள். அந்த 40 பேரில் ஒருவர்கூட அவருக்குப் போடாமல் இருந்திருக்கலாம். 40 பேருமே போட்டிருக்கவும் செய்யலாம். பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை எல்லாம் சாத்தியம். கணக்கு நம்மைக் கைவிட்டுவிடுகிறது. மாநிலத்தின் லத்தீனோ மக்களில் பெரும்பாலோர் வாழ்வது ஸ்டாரைப் போன்ற இடங்களில் அல்ல, ஹூஸ்டன், டாலஸ், சான் அன்டோனியோ போன்ற கலப்பு நகரங்களில்தான்.

அங்கே வேறு கருவிகள் வேண்டும். டெக்சாஸ் வாக்காளர் பட்டியலில் இனமும் கிடையாது, கட்சியும் கிடையாது. ஆகவே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். கார்சியா, மார்டினெஸ் போன்ற ஸ்பானியப் பெயர்களின் பட்டியலோடு வாக்காளர் பட்டியலை ஒப்பிட்டு, எந்தச் சாவடிப் பகுதியில் எத்தனை பேர் ஹிஸ்பானிக் என்று மதிப்பிடுகிறார்கள். பெயர் தவறாகவும் வழிகாட்டும். திருமணத்தில் பெயர் மாறுகிறது, தலைமுறைகள் கடந்து கலப்பு நடக்கிறது. ஆனாலும் ஆயிரக்கணக்கான சாவடிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்தப் பிழைகளின் அளவையும் மதிப்பிட முடிகிறது. 1997-ல் கேரி கிங் என்ற அரசியல் அறிவியலாளர், டங்கன்-டேவிஸ் எல்லைக் கணக்கையும் புள்ளியியல் மாதிரியையும் இணைத்து ஒரு முறையை வெளியிட்டார். இன்று வாக்குரிமை வழக்குகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் வரை வந்து நிற்பது அந்த முறையும் அதன் வழித்தோன்றல்களும்தான்.

இத்தகைய புள்ளியியல் முறைகளுக்கு ஓர் ஊகம் அடியில் கிடக்கிறது: ஓர் இடத்தில் வாழும் லத்தீனோவும் இன்னோர் இடத்தில் வாழும் லத்தீனோவும் ஏறக்குறைய ஒரே மாதிரி வாக்களிப்பார்கள் என்பது. அது எப்போதும் உண்மையல்ல. ஆற்றங்கரை ஊரில் ஏழு தலைமுறையாக இருப்பவரும், டாலஸ் புறநகரில் வீடு வாங்கிய இளம் பொறியாளரும், ஹூஸ்டனில் தஞ்சம் புகுந்து பின் குடியுரிமை பெற்ற வெனிசுவேலாக்காரரும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ஒற்றைச் சொல்தான் இந்த ஆய்வின் மிகப் பெரிய பலவீனம்.

புறநகர்களுக்கு வருவோம். டாலஸுக்கு வடக்கே காலின் கவுண்டி. பிளேனோ, மெக்கின்னி, ஃபிரிஸ்கோ எல்லாம் இதில்தான். 2012-ல் குடியரசுக் கட்சி இங்கே 31 சதவீதப் புள்ளிகள் முன்னிலை பெற்றது. 2016-ல் அது 17, 2020-ல் 5-க்கும் கீழே. 2024-ல் திரும்ப 11-க்கு ஏறியது. ஹூஸ்டனை அடுத்த ஃபோர்ட் பெண்ட் கவுண்டி 1964-க்குப் பிறகு முதல் முறையாக 2016-ல் ஜனநாயகக் கட்சிக்கு வந்தது. இரண்டிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய.

இங்கே மூன்றாவது வழி, அதாவது வாழ்பவர்களே மாறுவது, பலமாக இயங்குகிறது. 2010-ல் 7.8 லட்சமாக இருந்த காலினின் மக்கள்தொகை 2020-ல் 10.6 லட்சம். ஃபோர்ட் பெண்ட் 5.9 லட்சத்திலிருந்து 8.2 லட்சம். வெளியிலிருந்து வந்தவர்கள்தான் மாநிலத்தை ஜனநாயகக் கட்சிப் பக்கம் இழுக்கிறார்கள் என்று பலரும் நம்பினார்கள். 2018-ல் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு நடந்த தேர்தலில் வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. டெக்சாஸிலேயே பிறந்தவர்கள் ஜனநாயகக் கட்சியின் பெட்டோ ஓரோர்க்கை நூலிழையில் ஆதரித்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்களோ குடியரசுக் கட்சியின் டெட் குரூஸைத் தெளிவாக ஆதரித்தார்கள். ஆகவே புறநகர் மாற்றத்தில் குடியேற்றத்தோடு மன மாற்றமும் சேர்ந்தே இருந்திருக்கிறது. குறிப்பாக, ஒருகாலத்தில் குடியரசுக் கட்சிக்கே போட்டுவந்த பட்டதாரிகள் 2016-க்குப் பிறகு விலகினார்கள்.

இன்னொன்றும் அடிக்கடி மறக்கப்படுகிறது. ஓர் ஊரில் வாழ்பவர் எல்லோரும் வாக்காளர் அல்ல. ஹெச்-1பி வேலை விசாவில் ஃபிரிஸ்கோவில் இருப்பவர் அந்த ஊரின் மக்கள்தொகையில் உண்டு, வாக்காளர் பட்டியலில் இல்லை. 2020 குடிமதிப்பில் மாநில மக்களில் 39.3 சதவீதம் ஹிஸ்பானிக், 39.8 சதவீதம் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர். ஆனால் ஹிஸ்பானிக் மக்களில் சிறுவர்களும் குடியுரிமை இல்லாதவர்களும் கூடுதல் என்பதால், வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் அவர்கள் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான்.

பெருநகரங்களில் நடந்ததோ பெரும்பாலும் இரண்டாவது வழி, அதாவது வாக்களிக்க வருபவர்கள் மாறுவது. டாலஸ் கவுண்டியில் 2020-ல் பைடனுக்குச் சுமார் 6 லட்சம் வாக்குகள். 2024-ல் ஹாரிஸுக்கு 5.1 லட்சம். டிரம்ப்புக்குக் கூடியது சுமார் 15 ஆயிரம் மட்டுமே, 3.1 லட்சத்திலிருந்து 3.2 லட்சம். நகரம் வலப்பக்கம், அதாவது குடியரசுக் கட்சிப் பக்கம், சாய்ந்தது என்று எழுதப்பட்டது. எண்கள் சொல்வது, பெருமளவு மக்கள் வாக்களிக்க வரவே இல்லை என்பதை.

மாநில அளவில் 2012-ல் 16 புள்ளிகளாக இருந்த குடியரசுக் கட்சியின் முன்னிலை 2016-ல் 9 ஆகவும், 2020-ல் 6-க்கும் கீழாகவும் குறைந்தது. அந்தச் சரிவை அப்படியே எதிர்காலத்துக்கு நீட்டியவர்கள், இன்னும் சில ஆண்டுகளில் மாநிலம் கைமாறும் என்றார்கள். 2024-ல் முன்னிலை கிட்டத்தட்ட 14-க்குத் தாவியது. ஒரு சமூகத்தின் மொத்த வாக்கு என்பது அதன் எண்ணிக்கை, வாக்களிக்க வருவோர் விகிதம், வருவோரில் ஆதரவு விகிதம் ஆகிய மூன்றின் பெருக்கல். சரிவை நீட்டியவர்கள் முதலாவதை மட்டும் வளரவிட்டு, மற்ற இரண்டும் அசையாது என்று வைத்துக்கொண்டார்கள். 2020-லேயே ஆற்றங்கரை ஊர்கள் எதிர்த்திசையில் நகரத் தொடங்கியிருந்தன. புறநகர்களின் நகர்வு அதைவிடப் பெரிதாக இருந்ததால் மாநிலக் கூட்டுத்தொகையில் அது மறைந்துபோனது.

ஆதரவு விகிதம் ஏன் அசைந்தது? தெற்கு டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி என்பது கொள்கையாக மட்டும் இருந்ததில்லை. வேலை, உதவி, நீதிமன்றம், பள்ளி நிர்வாகம் எல்லாம் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் வழியாகவே நடந்த காலம் உண்டு. அவர்களைப் பத்ரோன் என்பார்கள். 1948-ல், பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சன் கட்சியின் செனட் வேட்பாளர் தேர்தலில் 87 வாக்குகளில் ஜெயித்தது, ஆலிஸ் என்ற ஊரின் 13-ஆம் வாக்குப் பெட்டியில் தாமதமாகச் சேர்ந்த, அகர வரிசையில் எழுதப்பட்டிருந்த சுமார் 200 பெயர்களால்தான். அந்த அமைப்பு கரைந்த பிறகும் பழக்கம் நீடித்தது. பக்தியும் துப்பாக்கியும் எண்ணெய்க் கிணற்று வேலையும் எல்லைக் காவல் படைச் சம்பளமும் சேர்ந்த வாழ்க்கை, தேசிய அளவில் மாறிவிட்ட கட்சியோடு மெல்ல உரசத் தொடங்கியது. ஒரே குறியில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் வாக்களிக்கும் வசதியையும் டெக்சாஸ் 2020 முதல் எடுத்துவிட்டது. பின்னர் விலைவாசி ஏறியது. எது எவ்வளவு எடை என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒற்றுமை இல்லை.

பழக்கம் முழுவதும் அறுந்துவிடவும் இல்லை. 2024-ல் ஸ்டார் அடங்கிய 28-ஆவது தொகுதியில் டிரம்ப் முந்தினார். அதே வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சியின் ஹென்றி குயெய்யார் சுமார் 53 சதவீதம் வாங்கி அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் போனார். தெற்கு டெக்சாஸின் 34-ஆவது தொகுதியில் விசென்டே கொன்சாலெஸும் அப்படியே. 2025 ஆகஸ்டில் டெக்சாஸ் சட்டமன்றம், குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து இடங்கள் கிடைக்கும் நோக்கில் மாநிலத்தின் 38 நாடாளுமன்றத் தொகுதிகளின் வரைபடத்தை மறுபடி வரைந்தது. அந்த ஐந்தில் சில லத்தீனோ பெரும்பான்மைத் தொகுதிகள். டிரம்ப்புக்கு 2024-ல் வாக்களித்த அந்த மக்கள், டிரம்ப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டிலும் அதே கட்சிக்கு வாக்களிப்பார்கள் என்ற கணக்கின் மேல்தான் அந்தக் கோடுகள் நிற்கின்றன.