முகம் பொருந்தாவிட்டால் சத்துமாவு கிடையாதா?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகள் ஆகியோருக்கு அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு சலுகை அல்ல. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4, 5இன்படி அது உரிமை.

2025 ஜூலை 1 முதல் இதை வாங்க முகப்பதிவு கட்டாயம் என்று மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் சொல்லியிருக்கிறது. முதலில் ஒரு தடவை கேஒய்சி, அதாவது வாங்குபவர் யார் என்று ஆதார் மூலம் உறுதிசெய்யும் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் தன் செல்போனில், பயனாளிகளைப் பதிவு செய்யும் அரசுச் செயலியான போஷன் டிராக்கரைத் திறந்து உங்கள் ஆதார் எண்ணைப் போடுவார். ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி வரும். அதைச் சொன்னதும் முகத்தைப் படம் பிடிப்பார். பிறகு மாவு வாங்கும்போது முகம் ஒத்துப்போனால் போதும். குழந்தையின் பங்குக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் முகம் பதிவாகும்.

சிக்கல் பெரும்பாலும் ஓடிபியில்தான். ஆதாரில் இருப்பது கணவரின் எண். அவர் வெளியூரில் வேலையில் இருப்பார். போன் எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்ணாக இருந்தால் ஓடிபி வரவே வராது. ஆதாரில் எண்ணை மாற்றும் வேலை அங்கன்வாடியில் நடக்காது. ஆதார் மையத்துக்குப் போகலாம், அல்லது தபால்காரர் மூலம் மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பத்தைப் பதிவு செய்த கையோடு இதை முடித்துவிடுவது நல்லது. ஓடிபியை மையத்தில் பணியாளரிடம் நேரில் மட்டும் சொல்லுங்கள். போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

முகம் பொருந்தாததற்குச் சாதாரணக் காரணங்கள்தான்: ஆதாரில் பல வருடத்துக்கு முந்தைய படம், முகத்துக்குப் பின்னால் வெயில், சிக்னல் இல்லாமை, மெதுவான செல்போன். வெளிச்சத்தைப் பார்த்து நின்று இன்னொரு முறை முயலலாம்.

அப்போதும் நடக்காவிட்டால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. சரிபார்ப்பு தோற்றதற்காகப் பயனை மறுக்கக் கூடாது, சரிபார்ப்பு தோற்றவர்களைக் குறித்து வைக்கும் விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. பணியாளர்களே, பெயர், தேதி, தோற்ற காரணம் மூன்றையும் எழுதி, மேற்பார்வையாளரிடம் நகல் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். டெல்லியில் வடிவமைத்த செயலியின் கோளாறுக்கு ஊர் முன்னால் பதில் சொல்வது நீங்கள்தான். எழுத்து இல்லாவிட்டால் பழியும் உங்கள் மேல்தான் விழும்.

மாவு மறுக்கப்பட்டால் 14408 உதவி எண்ணில் சொல்லலாம். அடுத்து குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அதற்கும் மேல் மாவட்டக் குறைதீர் அலுவலர். உரிய உணவு கிடைக்காமல் போனால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்ற பணத்தைக் கேட்கவும் அதே சட்டத்தின் பிரிவு 8 இடம் தருகிறது.